டெக்சாஸில் வாங்கிய ரைஃபிளோடு நியூ ஜெர்சிக்குக் குடிபோகலாமா?

பிளேனோதம்பி:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன், கிரீன் கார்டு. என்னிடம் இரண்டு ரைஃபிள் இருக்கிறது. ஒன்று .308 போல்ட் ஆக்‌ஷன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிச் சுடுவது, மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் எடுத்துப்போவது. இன்னொன்று ஏ.ஆர்-15, அதாவது விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகச் சுடுகிற செமி ஆட்டோ, 16 அங்குல பேரல் (குழல்), நீட்டிச் சுருக்குகிற ஸ்டாக் (தோளில் அணைக்கிற கட்டை), கூடவே 30 தோட்டா பிடிக்கிற மேகசின் நாலைந்து. இரண்டுமே கடையில் ஃபார்ம் எழுதிக் கொடுத்து, எஃப்.பி.ஐ. செக் முடிந்து வாங்கியவைதான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இப்போது வேலை நியூ ஜெர்சி எடிசனுக்கு மாறுகிறது. சாமானோடு காரிலேயே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஆபீஸில் ஒருவர், "டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டால் எந்த மாநிலமும் தொட முடியாது, ஃபெடரல் சட்டமே இருக்கிறது" என்கிறார். இன்னொருவர் எல்லையைத் தாண்டினாலே ஜெயில் என்கிறார். டெக்சாஸில் சட்டப்படி வாங்கின பொருள் அங்கே போனதும் எப்படிக் குற்றமாகும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. அங்கே இருக்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ராரிட்டன்கரை:

தம்பி, கிளம்புவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த .308 வரலாம். ஏ.ஆர் இப்போது இருக்கிற கோலத்தில் வரவே கூடாது. 30 தோட்டா மேகசின் ஒன்றுகூட உங்கள் சாமானுக்குள் இருக்கக் கூடாது, காலி மேகசினாக இருந்தாலும் சரி.

ஏன் என்று கேட்டால், இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு ஃபெடரல். யார் துப்பாக்கியைத் தொடவே கூடாது, கடைக்காரருக்கு என்ன லைசென்ஸ் வேண்டும், கடையில் வாங்கும்போது நிரப்புகிற 4473 என்கிற ஃபார்மில் என்ன எழுத வேண்டும், 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் இருக்கிற ரைஃபிளைத் தனியாகப் பதிய வேண்டும் என்பதெல்லாம் 1934, 1968, 1993 ஆண்டுச் சட்டங்களிலிருந்து வருகிறது, அது ஐம்பது மாநிலத்துக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி இன்னொரு அடுக்கு கட்டிக்கொள்ளலாம். டெக்சாஸ் ரைஃபிள் விஷயத்தில் மேலே ஒன்றும் கட்டவில்லை என்றே சொல்லலாம். வாங்க பெர்மிட் கிடையாது, பதிவு கிடையாது, காத்திருப்பு நாள் கிடையாது. நியூ ஜெர்சி பல பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது, 1990-ல் ஏ.ஆர் மாதிரி வகைகளுக்குத் தடையும் போட்டது. அதனால் "சட்டப்படி வாங்கினேன்" என்பது நீங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் செல்லும். வாங்கின அன்றைக்கு டெக்சாஸ் சட்டப்படி சரி. எடிசனில் வண்டியை நிறுத்தின அன்றைக்கு நியூ ஜெர்சி சட்டம்தான் பேசும்.

இங்கே கழற்றி மாட்டும் மேகசின் உள்ள செமி ஆட்டோ ரைஃபிளில் ஒரு பட்டியலில் இருக்கிற அம்சங்களில் இரண்டு இருந்தாலே அது தடை செய்யப்பட்ட வகை. பிஸ்டல் கிரிப் ஒன்று. மடக்கவோ நீட்டவோ முடிகிற ஸ்டாக் இன்னொன்று. தீச்சுவாலையை மறைக்கிற ஃபிளாஷ் சப்ரெஸர், அல்லது அதை மாட்டுவதற்காக மரை போட்ட பேரல், பயனெட் மாட்டுகிற இடம் என்று போகும். உங்கள் ஏ.ஆரில் முதல் இரண்டும் இருக்கிறது, அதோடு கணக்கு முடிந்தது. இது இரண்டாம் டிகிரி குற்றம், 5 முதல் 10 வருடம். அதில் குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும் என்று கிரேவ்ஸ் சட்டம் சொல்கிறது. முன்பு குற்றமே செய்யாதவர், நல்ல வேலையில் இருக்கிறவர் என்பதெல்லாம் தன்னால் வந்து காப்பாற்றாது. மேகசின் வரம்பு முன்பு 15 ஆக இருந்தது, 2018-லிருந்து 10.

"தெரியாது" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெல்லெட்டேரி வழக்கு, 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த மனிதர் குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர், ஒரு போட்டியில் பரிசாக ஒரு மார்லின் .22 ரைஃபிள் கிடைத்தது. அணில் முயல் சுடுகிற .22 தான், பேரலுக்குக் கீழே நீளமாகக் குழாய் மாதிரி மேகசின் ஓடும். அவர் அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டார். அந்தக் குழாய்க்குள் 17 தோட்டா போகும் என்று கூடவே வந்த கையேட்டில் போட்டிருந்தது, அன்றைய வரம்பு 15. 1990 சட்டம் வந்த பிறகு அது தடை செய்யப்பட்ட ஆயுதம். தனக்கு அது தெரியாது என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவன் அதைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பரிசாக வந்த .22-க்கே இந்தக் கதி.

உங்கள் ஆபீஸ்காரர் சொல்கிற ஃபெடரல் பாதுகாப்புக்கு வருகிறேன். 1986-ல் வந்தது, 926ஏ பிரிவு. அது உண்மைதான், ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கிளம்புகிற இடத்திலும் சரி, போய்ச் சேருகிற இடத்திலும் சரி, இரண்டிலும் அந்தத் துப்பாக்கி உங்களுக்குச் சட்டப்படி இருக்க வேண்டும். நடுவில் வருகிற மாநிலங்களுக்குத்தான் பாதுகாப்பு. தோட்டா நீக்கியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எஸ்.யு.வி. மாதிரி தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், கிளவ் பாக்ஸும் கன்சோலும் அந்தக் கணக்கில் சேராது. உங்களுக்குப் போய்ச் சேருகிற இடமே நியூ ஜெர்சி. அங்கே அந்த ஏ.ஆர் செல்லாது என்கிறபோது இந்தப் பிரிவு உங்களுக்கு உதவவே உதவாது.

கடந்து போகிறவர்களுக்கே சில நேரம் உதவாமல் போயிருக்கிறது. 2005-ல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியா அலென்டவுனுக்கு நூவர்க் வழியாக விமானத்தில் வந்தார். முறைப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில்தான் துப்பாக்கி. இணைப்பு விமானம் தவறியது, பெட்டியை வாங்கிக்கொண்டு ராத்திரி ஓட்டலில் தங்கினார், காலையில் திரும்ப செக்-இன் செய்யும்போது கைது. வழக்கு எல்லாம் பிறகு கைவிடப்பட்டது, ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, ஓட்டலில் பெட்டி உங்கள் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 926ஏ பொருந்தாது என்று 2010-ல் மூன்றாம் சர்க்யூட் என்கிற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெவெல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அவர் செய்த தப்பு என்ன என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, மனசு ஆறாத தீர்ப்பு. ஆனால் அதுதான் தீர்ப்பு.

பிளேனோதம்பி:

அண்ணே, நன்றி. படித்துவிட்டு வீட்டில் மேகசின்களை எல்லாம் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டேன். இன்னும் சில கேள்வி. ஸ்டாக்கை மாற்றினால் ஏ.ஆரைக் கொண்டு வரலாமா? .308-க்கு அங்கே ஏதாவது கார்டு வாங்க வேண்டுமா? நான் பன்றிக்குப் போகும்போது ஒரு சப்ரெஸர் (சுடும் சத்தத்தைக் குறைக்கிற குழாய்) வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அது?

ராரிட்டன்கரை:

சப்ரெஸரை மறந்துவிடுங்கள். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய் உட்பட எட்டு மாநிலத்தில் பொதுமக்களுக்கு அது கிடையாது. 2026 தொடக்கத்திலிருந்து அதற்கான 200 டாலர் ஃபெடரல் வரி பூஜ்யமாகிவிட்டது என்று எல்லாரும் வாங்க ஓடுகிறார்கள். வரிதான் போனது, பதிவும் போகவில்லை, மாநிலத் தடையும் போகவில்லை.

ஏ.ஆர் விஷயம்: ஸ்டாக்கை நகராதபடி பின் அடித்து, பேரல் முனையில் மரை தெரியாதபடி காம்பென்சேட்டரை (சுடும்போது முனை மேலே எகிறாமல் தடுப்பது) பற்றவைத்து, 10 தோட்டா மேகசினோடு விற்கிற மாடல்கள் இங்கே கடையில் இருக்கின்றன. உங்களுடையதை அப்படி மாற்றலாம், ஆனால் டெக்சாஸிலேயே, எல்லையைத் தாண்டும் முன், நியூ ஜெர்சி விதி தெரிந்த ஆளை வைத்துச் செய்ய வேண்டும். "கோல்ட் ஏ.ஆர்-15" என்று பெயர் குறிப்பிட்டே தடைப்பட்டியலில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், துப்பாக்கியின் உடற்பகுதியில் (ரிசீவரில்) என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அங்கேயே டீலரிடம் விற்றுவிட்டு வாருங்கள். கிரீன் கார்டுக்காரர் எல்லைக்கோட்டில் நின்று விளையாட வேண்டியதில்லை.

.308-க்கு: குடிவந்த 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டைக்கு வழி செய்ய வேண்டும், 2022-ல் வந்த சட்டம். உங்கள் ஊர் போலீஸ் மூலமாக ஆன்லைனில் மனு. கைரேகை, உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் சாட்சி, மனநல ஆவணங்களைப் பார்க்க ஒப்புதல், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று எல்லாம் கேட்பார்கள். சில ஊரில் சீக்கிரம் வரும், சில ஊரில் இழுக்கும். வந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

வழி: ஐ-81 பிடித்து வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாண்டில் கொஞ்ச தூரம், அப்புறம் பென்சில்வேனியா, அங்கிருந்து ஐ-78. ராத்திரித் தங்கலை பென்சில்வேனியா எல்லைக்குள் முடித்துவிட்டு, நியூ ஜெர்சிக்குள் நேராக வீட்டுக்கு வாருங்கள். இங்கே துப்பாக்கியோடு போகும்போது நேர்வழியாகப் போக வேண்டும், தேவைக்கு மட்டும்தான் நிறுத்தலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சுட்டுப் பழகுகிற ரேஞ்சிலிருந்து திரும்பும்போது துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு மளிகைக்கடை, நண்பர் வீடு என்று சுற்றுகிற பழக்கத்தை டெக்சாஸிலேயே விட்டுவிடுங்கள். சாமான் லாரிக்காரர்கள் பெரும்பாலும் தோட்டா ஏற்ற மாட்டார்கள், அதையும் அங்கேயே தீர்த்துவிட்டு வருவது சுலபம்.

கருவேலம்:

நல்ல இழை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பீர்கள், அவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். மாநிலச் சட்டத்துக்கு வருவதற்கு முன்னாலேயே உங்களை ஃபெடரல் சட்டம் நிறுத்திவிடுகிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பம்), எல்-1 (கம்பெனி மாற்றி அனுப்புவது), பி-2 (சுற்றுலா) எல்லாம் இதில்தான் வரும். முக்கியமான விதிவிலக்கு, செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது.

"வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் சுடுவதும் அதுதான். ஃபுளோரிடாவில் எஃப்-1 இல் வந்த ஒரு மாணவர், மார்க் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார், ஸ்டேட்டஸ் போனது, ஊருக்குப் போகவில்லை. ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், அதற்காகத்தான் வழக்கு. ரிஹெய்ஃப் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-ல், தனக்கு ஸ்டேட்டஸ் இல்லை என்று அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டப் புள்ளியில் அவர் ஜெயித்தார். ஆனால் ஆரம்பம் என்னவோ ஒரு ரேஞ்சில் போய்ச் சுட்டதுதான்.

ஆஸ்டின்_ரசிகன்:

நாங்கள் எல்லாம் எச்-1பி, டீம் அவுட்டிங் என்று எத்தனையோ தடவை ரேஞ்சுக்குப் போயிருக்கிறோம், ஐடி கார்டு காட்டினால் போதும், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கொஞ்சம் மிகைப்படுத்துகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் டெக்சாஸில் காட்டுப்பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களே.

கருவேலம்:

கேட்காதது அவர்கள் பாடு, குற்றம் உங்கள் தலையில். அந்த ரேஞ்சில் கையெழுத்துப் போட்ட தாளை ஒருநாள் நிதானமாகப் படித்துப் பாருங்கள், நான் சட்டப்படி தடை செய்யப்பட்டவன் இல்லை என்று உறுதி சொல்கிற வரி அனேகமாக அதில் இருக்கும்.

பன்றி விஷயம் நீங்கள் சொன்னது சரி, 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு சுட டெக்சாஸ் லைசென்ஸ் கேட்பதில்லை. அதில்தான் நம்மாட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சாஸ் கேட்கவில்லை, ஆனால் ஃபெடரல் விதிவிலக்குக்கு உங்களுக்கு அந்த லைசென்ஸ் வேண்டும். பன்றிக்கு வேண்டாம் என்று வாங்காமல் விட்டால், துப்பாக்கியைத் தொட்ட நிமிடமே ஃபெடரல் குற்றம். வாங்கினாலும் தேதியைப் பாருங்கள். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் ரைஃபிள் இருந்து, புது லைசென்ஸ் இல்லை என்றால் தூங்கி எழும்போதே நீங்கள் சட்டத்தை மீறியவர்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்கள். அமெரிக்கக் குடிமகன் செய்தால் அபராதமும் நன்னடத்தைக் காலமுமாக முடிகிற துப்பாக்கி வழக்கு, நமக்கு நாடு கடத்தலில் முடியும். குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, கிரீன் கார்டுக்கும் அது பொருந்தும். யாராவது மாட்டிக்கொண்டால், வக்கீல் "ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டனைதான்" என்று சொன்னவுடன் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலை என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010-லேயே படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

பசிபிக்மழை:

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து. இங்கே கதை இன்னொரு தினுசு. 2023 ஏப்ரல் 25-லிருந்து ஏ.ஆர் வகைகளை விற்பது, செய்வது, மாநிலத்துக்குள் கொண்டுவருவது மூன்றும் தடை. அதற்கு முன்பே வைத்திருந்தவர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே என் பக்கத்து வீட்டுக்காரர் அலமாரியில் இருப்பது சட்டப்படி, அதே துப்பாக்கியோடு டெக்சாஸிலிருந்து புதிதாகக் குடிவருகிறவர் கொண்டுவந்தால் குற்றம். "அவர் வைத்திருக்கிறாரே" என்று யாரையும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, 2018 வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தில் செமி ஆட்டோ ரைஃபிள் எல்லாவற்றையும் ஒரே வகையில் சேர்த்துவிட்டார்கள். ரூகர் 10/22 என்று சின்ன .22, பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிற துப்பாக்கி, அதுவும் அந்தப் பட்டியலில். வாங்க 21 வயது ஆக வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும். ஃபெடரல் சட்டப்படி கடையில் ரைஃபிள் வாங்க 18 போதும். ஃபுளோரிடாவும் 2018-ல் 21 ஆக்கியது, அங்கே பார்க்லாண்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு. கல்லூரிப் பிள்ளைகள் மாநிலம் மாறும்போது இந்த வயதுக் கணக்கைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

கலிபோர்னியா போகிறவர்களுக்கு: அங்கே வாங்கினால் 10 நாள் காத்திருப்பு, பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்று. வெளியிலிருந்து கொண்டுவந்தால் 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. என்கிற துப்பாக்கி உரிமையாளர் அடையாளக் கார்டு இல்லாமல் தோட்டாகூட வைத்திருக்க முடியாது, குடிவந்து 60 நாளுக்குள் மனு போட வேண்டும்.

சுதந்திரப்பறவை:

எல்லாரும் பயந்துபோய் எழுதுகிறீர்கள். அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தருகிற துப்பாக்கி உரிமை தனிமனித உரிமை என்று 2008-ல் உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பு. வரலாற்று மரபில் இல்லாத கட்டுப்பாடு செல்லாது என்று 2022-ல் ப்ரூயன் தீர்ப்பு. நியூ ஜெர்சித் தடையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அங்கே ஃபெடரல் நீதிபதி ஒருவர் 2024-ல் சொல்லிவிட்டார். நாட்டில் பரவலாகப் புழங்குகிற ரைஃபிளை ஒரு மாநிலம் தடை செய்வது அநியாயம், இதை யாராவது எதிர்க்க வேண்டாமா?

ராரிட்டன்கரை:

எதிர்க்கலாம், எதிர்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த 2024 ஜூலை தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். கோல்ட் ஏ.ஆர்-15-ஐ வீட்டில் தற்காப்புக்கு வைத்திருப்பதற்கு மட்டும்தான் தடை செல்லாது என்றார், 10 தோட்டா வரம்பை ஏற்றுக்கொண்டார், தன் உத்தரவை மேல்முறையீட்டுக்காக உடனே நிறுத்தியும் வைத்தார். மேரிலாண்டில் இருக்கிற இதே மாதிரித் தடையை எதிர்த்த ஸ்னோப் வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. சட்டம் தவறு என்று ஒருவர் நினைக்கலாம், மன்றத்துக்குப் போகலாம், சங்கத்தில் சேரலாம், குடிமகனானால் ஓட்டுப் போடலாம். ஆனால் பிளேனோவிலிருந்து குடும்பத்தோடு வருகிற தம்பி சோதனை வழக்காக ஆக வேண்டியதில்லை. செய்தித் தலைப்பை நம்பித் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். நியூ ஜெர்சி மாநிலப் போலீஸ் தளத்தில் இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

மிச்சிகன்அக்கா:

வாங்குவது, கொண்டுபோவது என்று எல்லாரும் பேசியாகிவிட்டது, வீட்டில் எப்படி வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. என் கவலை அதுதான்.

நம் வீடுகளில் கிரீன் கார்டுக்காரர் ஒருவர், எச்-4 மனைவி அல்லது கணவர், ஊரிலிருந்து பி-2 இல் வந்திருக்கிற அப்பா அம்மா, ஓடியாடுகிற பிள்ளைகள் என்று கலந்துதான் இருப்போம். துப்பாக்கி உங்கள் பெயரில் இருக்கிறது, சரி. அலமாரிச் சாவி சமையலறை ஆணியில் தொங்கினால், விசாவில் இருக்கிறவர் கைக்கும் அது எட்டுகிறது. நினைத்தால் எடுக்க முடிகிற நிலையையே "வைத்திருத்தல்" என்று வாதிட முடியும். சாவியோ எண்ணோ உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. அப்பா ஆசைப்படுகிறார் என்று துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் ஊருக்கே போகிறது. தயவுசெய்து வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் இதைவிடப் பெரியது. எங்கள் மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற ஊர்ப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நாலு பிள்ளைகள் செத்துப்போனார்கள். சுட்டவன் பதினைந்து வயதுப் பையன், அவனுக்கு அந்தத் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தது பெற்றோர். 2024-ல் அம்மா அப்பா இருவருக்கும், உள்நோக்கம் இல்லாமல் உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்தில் 10 முதல் 15 வருடம் தண்டனை. அதே வருடம் பிப்ரவரியிலிருந்து மிச்சிகனில், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுத்துவிடக்கூடிய இடத்தில் துப்பாக்கி இருந்தால் பூட்டிய பெட்டியில் வைப்பது, இல்லாவிட்டால் தோட்டா நீக்கித் துப்பாக்கிக்கே பூட்டுப் போடுவது சட்டம். மாசசூசெட்ஸ், ஓரிகன், கலிபோர்னியாவில் எல்லாம் இது மாதிரிச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸிலும் பிள்ளை கைக்குக் கிடைக்கும்படி தோட்டா போட்டு வைப்பது குற்றம்தான். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. பிள்ளைக்கு மனசு சரியில்லை, பள்ளியில் ஏதோ பிரச்சினை என்று தெரிந்தால் அன்றைக்கே துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். டீலர்கள் சிலர் பத்திரமாக வைத்துத் தருவார்கள்.

திருநகர்_செந்தில்:

அக்கா சொன்னது நெஞ்சில் தைத்தது. நான் ஒரு சின்ன விஷயம் கேட்க வந்தேன். எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், அதனால் டிரைவிங் லைசென்ஸில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்துவிட்டது. கடையில் செக் போட்டால் ஒவ்வொரு தடவையும் "டிலே" வருகிறது. ஏதாவது வழி உண்டா? இன்னொன்று, என் மச்சான் எச்-1பி, வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கிறான், கடையில் ஃபார்ம் தொல்லை வேண்டாம், நீங்களே வாங்கிக்கொடுங்கள், காசு தருகிறேன் என்கிறான்.

கருவேலம்:

முதல் கேள்விக்கு: எஃப்.பி.ஐ.-யில் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. கைரேகையோடு விண்ணப்பித்தால் யு.பி.ஐ.என். என்று ஓர் எண் தருவார்கள், அதை 4473-ல் எழுதினால் அதே பெயருள்ள இன்னொருவரோடு குழப்புவது பெரும்பாலும் நின்றுவிடும். அதோடு லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். பழைய முகவரி என்றால் கார் பதிவு மாதிரி அரசு கொடுத்த இன்னொரு தாளைச் சேர்த்துக் காட்டலாம். மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்க ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் பல கடைகள் கொடுக்காது, சில மாநிலங்கள் விடாது.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில், செய்யாதீர்கள். காசு அவனுடையது, துப்பாக்கி அவனுக்கு, ஃபார்மில் வாங்குகிறவர் நீங்கள் என்று எழுதினால் அது பொய். ஏப்ராம்ஸ்கி வழக்கில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமாவுக்குத் துப்பாக்கி வாங்கிக்கொடுத்தார். மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்தான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் குற்றம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. 2022-லிருந்து தடை செய்யப்பட்டவருக்காக வாங்கிக்கொடுக்கிற ஆளுக்கு 15 வருடம் வரை போகலாம். மச்சானுக்குத் தகுதி இருந்தால் அவரே கடைக்கு வந்து, தன் வேட்டை லைசென்ஸைக் காட்டி, தன் பெயரில் ஃபார்ம் எழுதட்டும். ஃபார்ம் தொல்லை என்று நினைக்கிறவர் துப்பாக்கி வாங்க வேண்டாம்.

பிளேனோதம்பி:

எல்லாருக்கும் நன்றி. ஏ.ஆரையும் மேகசினையும் இங்கேயே டீலரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. .308 மட்டும் பூட்டிய பெட்டியில் வருகிறது. அக்கா சொன்னபடி சாவியை என்னோடு வைத்துக்கொள்கிறேன், அப்பா அம்மா அடுத்த கோடையில் வருகிறார்கள், அதற்குள் நல்ல பெட்டி ஒன்று வாங்கிவிடுவேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. குடிபோவதற்கு முன் சென்னை போய்வருகிறேன். ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பேக்பேக் பெரியதாக இருக்கிறது, அதையே எடுத்துப்போகலாமா?

வைகைப்பாலம்:

வேண்டாம், வேண்டவே வேண்டாம். அந்தப் பையின் ஏதாவது ஒரு மடிப்பில் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தால் போதும். இங்கே ஏறும்போது ஸ்கேனரில் தப்பிவிட்டாலும் சென்னையிலிருந்து திரும்பும்போது பிடிபடும். இந்திய ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம், அமெரிக்காவில் வாங்கினேன் என்பது பதில் ஆகாது. தெரிந்தே வைத்திருந்தாரா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன, தெரியாமல் பையில் கிடந்தது என்று நிரூபித்து வழக்கை ரத்து செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதுவரைக்கும் விமானம் போய்விடும், பாஸ்போர்ட் மாட்டிக்கொள்ளலாம், வக்கீல், உயர் நீதிமன்றம் என்று அலைய வேண்டும், வேலையில் சேர வேண்டிய தேதியும் தாண்டிவிடும். ரேஞ்ச் பையை ரேஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பயணத்துக்குப் புதுப் பை வாங்குங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப்போகிற ஜாக்கெட் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் மடித்து வையுங்கள்.